கண்காட்சியில் போட்டியை நிறுத்திவிடலாமா? எங்கள் தோட்டக்கலைச் சங்கத்துக்கு யோசனை சொல்லுங்கள்

செம்மண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதித் தோட்டக்கலைச் சங்கத்தில் நான் செயலாளராகப் பொறுப்பேற்று இது இரண்டாவது வருடம். உறுப்பினர்கள் 90 பேர். மாதக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் 25, மிஞ்சிப் போனால் 30. வருடத்துக்கு ஒரு கண்காட்சி, இரண்டு நாள். முதல் நாள் காலையில் நடுவர்கள் பார்ப்பார்கள், மதியத்துக்கு மேல் பொதுமக்கள் வருவார்கள்.

மூன்று வருடமாகப் போட்டிக்குக் கொண்டு வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். போன தடவை ரோஜாப் பிரிவில் ஒன்பது ஜாடிதான் இருந்தது. அதில் ஆறு ஒரே வீட்டிலிருந்து வந்தவை. செயற்குழுவில் பாதிப் பேர், "போட்டியை எடுத்துவிடலாம், எல்லோரும் கொண்டு வந்து வைக்கட்டும், பார்த்து மகிழட்டும்" என்கிறார்கள். மீதிப் பேர், "போட்டி இல்லையென்றால் ஒருவரும் மெனக்கெட்டு எதுவும் கொண்டு வரமாட்டார்கள்" என்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் முடிவெடுத்தாக வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் என் மனதை விட்டுப் போகவில்லை. போன கண்காட்சியில், நடுவர்கள் போன பிறகு ஒரு அம்மா தன் கத்தரிக்காய்த் தட்டுக்கு முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். ஐந்து காய், ஒரே அளவு, வரிசையாக வைத்திருந்தார். தட்டுக்குக் கீழே அவர் பெயர் எழுதிய அட்டை. அதில் வேறொன்றும் இல்லை. பக்கத்துத் தட்டில் பரிசு அட்டை. என்னைப் பார்த்து, "இதில் என்ன குறை தம்பி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை.

உங்கள் சங்கங்களில் எப்படி நடத்துகிறீர்கள்?

---

ஒட்டுக்கத்தி எழுதியது:

செம்மண், உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் கடைசிப் பத்தியிலேயே இருக்கிறது. அந்த அம்மா பரிசு கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டுப் போகவில்லை. காரணம் சொல்ல ஆள் இல்லையே என்று போய்விட்டார்.

நான் இருபது வருடத்துக்கு மேல் நடுவராகப் போய்வருகிறேன். நடுவர் மேசைக்கு வந்ததும் பூவைப் பார்ப்பதில்லை, முதலில் விதிமுறைத் தாளைப் பார்ப்பார். 'ஐந்து காய்' என்றிருந்தால் எண்ணுவார். ஆறு இருந்தால் அது எவ்வளவு நல்ல காயாக இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டியதுதான். 'விதிப்படி இல்லை' என்று ஒரு வரி எழுதி வைப்பது வழக்கம். அதற்கப்புறம் காயின் நிலை, புழுத்துளை, வெயில் தழும்பு, வாடல். பிறகுதான் ஒற்றுமை. ஐந்தும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்க வேண்டும். நாலு பெரிய காயும் ஒரு சின்னக் காயும் வைத்தால், ஐந்தும் நடுத்தரமாக உள்ள தட்டு அதை ஜெயித்துவிடும். அளவு கடைசியில்தான் வரும். கொண்டு வருகிறவர்களில் பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு, இருப்பதிலேயே பெரிய காயைத் தேடிப் பறிக்கிறார்கள்.

அந்தக் கத்தரிக்காயை நான் பார்க்கவில்லை. ஆனாலும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: காம்போடு ஒட்டியிருக்கும் பச்சைத் தொப்பி எப்படி இருந்தது? கத்தரியில் காயின் தோல் நாலு நாள் பளபளப்பாகவே இருக்கும். தொப்பிதான் முதலில் வாடும். பறித்து எத்தனை நாள் ஆனது என்று அது சொல்லிவிடும்.

போட்டியை எடுக்காதீர்கள். நடுவர்களைப் பேச வையுங்கள்.

---

நிழல்வலை எழுதியது:

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. போட்டியால் காயம்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முன்பு நான் இருந்த சங்கத்தில் ஒரு வருடம் தக்காளி கொண்டு போனேன். ஐந்து கேட்டிருந்தார்கள். வழியில் ஒன்று நசுங்கிவிட்டால் என்ன செய்வது என்று ஆறு எடுத்துப் போனேன். ஆறும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தன, ஆறையும் தட்டில் வைத்துவிட்டேன். மதியம் போய்ப் பார்த்தால் தட்டு மேசையிலேயே இல்லை, ஓரமாக ஒரு பெட்டிமேல் வைத்திருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஏன் என்பது எனக்கு இரண்டு வருடம் கழித்து வேறொருவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரிந்தது. மேசையை அடுக்கும்போது அங்கே நின்ற ஒரு தன்னார்வலர், "ஐயா, ஒன்றை எடுத்துவிடுங்கள்" என்று சொல்லியிருந்தால் போதும்.

அதோடு, போட்டி வந்தாலே பேச்சு நின்றுவிடுகிறது. மற்ற மாதங்களில் "என்ன உரம் போட்டீர்கள்?" என்றால் அரை மணி நேரம் சொல்கிறவர்கள், கண்காட்சிக்கு முந்தைய மூன்று மாதம் வாயைத் திறப்பதில்லை. சங்கம் என்பதே தெரிந்ததைப் பகிர்ந்துகொள்ளத்தானே.

இப்போது இருக்கும் சங்கத்தில் போட்டி கிடையாது. அவரவர் செடியைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வோம். வருகிறவர்கள் கேட்கக் கேட்கச் சொல்வோம். கூட்டத்துக்கும் குறைவில்லை.

---

டேலியா பிரியை எழுதியது:

நிழல்வலை அண்ணா, உங்களுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் போட்டி இருந்ததால்தான் நான் தோட்டக்காரி ஆனேன். அதையும் சொல்லியாக வேண்டும்.

சாமந்தியைக் கண்காட்சித் தேதிக்குப் பூக்க வைக்க வேண்டும் என்று ஒரு வருடம் கங்கணம் கட்டிக்கொண்டேன். பன்னிரண்டு தொட்டி. பக்க மொட்டுகளைக் கடுகளவில் இருக்கும்போதே கிள்ளி, ஒரு தண்டுக்கு ஒரு மொட்டு விட்டு, அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்தேன். எட்டுத் தொட்டி மொட்டு வைத்துவிட்டது. நாலு மட்டும் இலையாக வளர்ந்துகொண்டே போனது. ஒரே மண், ஒரே நாற்று, ஒரே தண்ணீர். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

சங்கத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் மாலையில் வீட்டுக்கு வந்தார். செடியைத் தொடக்கூட இல்லை. இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார். வாசல் விளக்கைப் போட்டதும், வெளிச்சம் எங்கெல்லாம் விழுகிறது என்று பார்த்தார். அந்த நாலு தொட்டியும் வெளிச்சத்துக்குள்ளே, எட்டும் வெளியே.

சாமந்திக்கு இரவு நீண்டால்தான் பூக்க வேண்டும் என்று தெரியும். நடு இரவில் சிறிது வெளிச்சம் விழுந்தாலே இன்னும் பகல் நீளமாகத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள இந்தத் தொடர்பை கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1920இல் வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தது ஒரு புகையிலைச் செடியை. கோடை முழுக்கப் பூக்காமல் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போன 'மேரிலாந்து மாமத்' என்ற ரகம். அவர்களுக்குப் புகையிலை காட்டியதை எனக்கு வாசல் விளக்கு காட்டியது. இருட்டு நீளத் தொடங்கிய பிறகு ரகத்தைப் பொறுத்து 7 முதல் 12 வாரத்தில் பூக்கும் என்பதையும் அப்போதுதான் கற்றேன்.

சும்மா வீட்டுக்கு வளர்த்திருந்தால், நாலு தொட்டி பூக்காததை நான் கவனித்திருப்பேனா? தேதி ஒன்று எதிரே நின்றதால்தான் கவனித்தேன். பரிசு எதுவும் கிடைக்கவில்லை அந்த வருடம். அந்த அனுபவத்தை எதற்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

---

முதல் தொட்டி எழுதியது:

நான் சங்கத்தில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இருப்பதே பதினோரு தொட்டி. கண்காட்சிக்கு எதையாவது கொண்டு போக ஆசை, ஆனால் பெரிய ஆட்களின் பூவுக்குப் பக்கத்தில் என் பூவை வைக்கக் கூச்சமாக இருக்கிறது. இரண்டு ரோஜா, ஒரு கிளாடியோலஸ் பாத்தி, கொஞ்சம் ஜெர்பெரா. எப்போது வெட்டுவது, எப்படி எடுத்துப் போவது என்றே தெரியாது. இதையெல்லாம் கேட்டால் சிரிப்பார்களோ என்று சங்கத்தில் கேட்கவில்லை.

---

ஒட்டுக்கத்தி எழுதியது:

முதல் தொட்டி, சிரிக்கிற சங்கத்தில் நீங்கள் இருக்க வேண்டாம். இங்கே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெட்டுவது விடிகாலையில், இல்லையென்றால் வெயில் தாழ்ந்த பிறகு. தோட்டத்துக்குப் போகும்போதே வாளியில் தண்ணீர் எடுத்துப் போங்கள். வெட்டின கையோடு தண்டு தண்ணீருக்குள் போக வேண்டும். வெட்டிய பூவைத் தரையில் வைத்துவிட்டு அடுத்ததை வெட்டப் போகிறீர்களே, அந்த இரண்டு நிமிடத்தில்தான் தண்டுக்குள் காற்றுக் குமிழி ஏறி நீர்க்குழாயை அடைத்துக்கொள்கிறது. வீட்டுக்கு வந்ததும் தண்ணீருக்குள் வைத்தே அடித்தண்டை ஒரு அங்குலம் மறுபடி வெட்டுங்கள். நீரில் மூழ்கும் இலைகளை உருவிவிடுங்கள், அவை அழுகினால் கிருமி பெருகித் தண்டை அடைக்கும். பிறகு ராத்திரி முழுக்கக் கழுத்தளவு தண்ணீரில், குளிர்ந்த இருட்டு அறையில் நிற்கட்டும்.

அந்த அறையில் பழுத்த பழம் எதுவும் இருக்கக் கூடாது. பழுக்கும் பழத்திலிருந்து எத்திலீன் வாயு வருகிறது, கார்னேஷன் போன்ற பூக்கள் அதில் ஒரே இரவில் சுருங்கிவிடும். பார்த்துப் பார்த்து வளர்த்த பூவைப் பழக்கூடைக்குப் பக்கத்தில் வைத்து இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரோஜா: பாதியிலிருந்து முக்கால் வரை விரிந்திருக்க வேண்டும். நடுச்சுருள் கூம்பாக நிற்க வேண்டும், மகரந்தம் தெரியக் கூடாது. அமெரிக்க ரோஜா சங்கம் நூற்றுக்கு எப்படி மதிப்பெண் பிரிக்கிறது தெரியுமா? உருவம் 25, நிறம் 20, தண்டும் இலையும் 20, இதழின் திடம் 15, பூவுக்கும் தண்டுக்கும் உள்ள பொருத்தம் 10, அளவு 10. பெரிய பூ என்பதற்கு வெறும் பத்துதான்! தண்டுக்கும் இலைக்கும் இருபது. ஆகவே இலையில் படிந்த மருந்துக் கறையையும் தூசியையும் ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் தடவிப் பளபளப்பாக்காதீர்கள், நடுவருக்கு உடனே தெரியும்.

கிளாடியோலஸ்: கதிரில் மூன்றில் ஒரு பங்கு விரிந்து, ஒரு பங்கு நிறம் காட்டி, ஒரு பங்கு பச்சை மொட்டாக இருப்பதுதான் அழகு. வண்டியில் படுக்கப் போட்டு எடுத்துப் போகாதீர்கள். அதன் நுனி எப்போதும் மேல்நோக்கித் திரும்பும். படுக்க வைத்தால் சில மணி நேரத்தில் நுனி வளைந்துவிடும், அப்புறம் நிமிர்த்த முடியாது.

ஜெர்பெரா: நடு வட்டத்தின் வெளி வரிசைகள் இரண்டு மூன்று மகரந்தம் காட்டிய பிறகு பறியுங்கள். அதற்கு முன் பறித்தால் தண்டு தலை சாய்ந்துவிடும்.

செம்மண், இப்படிப்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவு வேண்டும். 'இதுவரை முதல் பரிசு வாங்காதவர்கள்' என்று ஒரு வரி சேருங்கள். ஒன்பதில் ஆறு ஜாடி ஒரே வீட்டிலிருந்து வருவது அந்த வீட்டின் குற்றம் இல்லை. மற்றவர்களுக்கு வாசல் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

---

முதல் தொட்டி எழுதியது:

இதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். மிக்க நன்றி ஐயா. கிளாடியோலஸைப் படுக்க வைத்துத்தான் கொண்டு போயிருப்பேன்.

---

விதைப்பெட்டி எழுதியது:

எல்லோரும் கண்காட்சியையே பேசுகிறீர்கள். அது வருடத்தில் இரண்டு நாள். சங்கத்தைப் பிடித்து வைத்திருப்பது மற்ற நாட்கள்தான்.

எங்கள் கூட்டத்தில் முதல் அரை மணி நேரம் பேச்சாளர் கிடையாது. ஒரு நீள மேசை. வருகிறவர்கள் நோய்ப்பட்ட இலையோ, பூச்சியோ, காய்க்காத கொடியின் ஒரு துண்டோ மூடிய பையில் போட்டுக் கொண்டு வந்து வைப்பார்கள். கைக்கண்ணாடி இரண்டு இருக்கிறது. சுற்றி நின்று பார்ப்போம். இலைக்கு அடியில் மெல்லிய வலை தெரிந்தால் சிலந்திப்பேன். இலை சுருண்டு எறும்பு ஏறுகிறதென்றால் அசுவினி இருக்கிறதா பார். இப்படித் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்ல, இரண்டு வருடத்தில் முப்பது பேருக்காவது பூச்சி அடையாளம் பழகிவிட்டது.

அடுத்தது விதைப் பரிமாற்றம். இது பார்க்க எளிது, ஒழுங்காகச் செய்வது கடினம். முதல் வருடம் எங்களுக்கு வந்த பூசணி விதையில் பாதி வேறு என்னவோவாகக் காய்த்தது. காரணம் எளிதுதான். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு, வண்டும் தேனீயும் அக்கம்பக்கத்து மகரந்தத்தையெல்லாம் கொண்டு வந்துவிடும். தூய விதை வேண்டுமானால், மறுநாள் விரியப் போகும் பூக்களை முதல்நாள் சாயங்காலமே நூலால் கட்டி வைத்து, காலையில் நாமே மகரந்தம் தொட்டு வைத்து, மறுபடி கட்ட வேண்டும். தக்காளி, பீன்ஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், அதனால் புதியவர்கள் அதில் தொடங்குவது நல்லது. வீரிய ஒட்டு விதையிலிருந்து எடுத்த விதையைப் பரிமாற்றத்துக்கு வாங்குவதில்லை, அடுத்த தலைமுறை தாயைப் போல வராது.

ஒவ்வொரு உறையிலும் பயிர், ரகம், எடுத்த மாதம் எழுதியிருக்க வேண்டும். சந்தேகமானால் ஈரத் துணியில் பத்து விதை போட்டுப் பார்க்கிறோம், ஏழுக்குக் கீழே முளைத்தால் மேசைக்கு வராது. காயவைப்பதில் யாரும் அவசரப்பட வேண்டாம். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், வைக்கும் இடத்தின் சூடு ஐந்து டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் அப்படியே. மா, பலா மாதிரியான விதைகளுக்கு இது பொருந்தாது, காய்ந்தால் செத்துவிடும். வெங்காய விதை ஓரிரு வருடம்தான் தாங்கும்.

கண்காட்சியில் விதை மேசைக்கு ஒரு மூலை ஒதுக்கினோம். ரோஜாவைப் பார்க்க வந்தவர்கள் விதை வாங்கிப் போனார்கள். அடுத்த கூட்டத்துக்கு அதில் பதினாலு பேர் வந்தார்கள்.

---

கவாத்து எழுதியது:

போட்டி வேண்டும், வேண்டாம் என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது.

லண்டனில் 1804 மார்ச் 7 அன்று ஒரு புத்தகக் கடையில் ஏழு பேர் கூடித் தொடங்கியதுதான் இன்றைய ராயல் தோட்டக்கலைச் சங்கம். ஜான் வெட்ஜ்வுட்டின் யோசனை அது, தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் அந்த ஏழு பேரில் ஒருவர். பேர் பெற்ற செல்சி மலர்க் கண்காட்சி அங்கே நடக்கத் தொடங்கியது 1913இல். இவ்வளவு பெரிய கண்காட்சியில் தங்கப் பதக்கம் ஒருவருக்கு மட்டும் என்று கிடையாது. ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். அதைத் தொட்டவர்கள் அத்தனை பேருக்கும் தங்கம். அதற்கு அடுத்த படிகளுக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம். ஒரு தோட்டத்தை இன்னொரு தோட்டத்தோடு நிறுத்திப் பார்ப்பதில்லை, தரத்தோடுதான் பார்க்கிறார்கள்.

சின்னச் சங்கங்களிலும் இதே வழக்கம் உண்டு, டேனிஷ் முறை என்பார்கள். ஒரு பிரிவில் பத்துத் தட்டு வந்து ஆறு நன்றாக இருந்தால் ஆறுக்கும் முதல் தர நாடா. ஒன்றும் நன்றாக இல்லையென்றால் யாருக்கும் இல்லை. நிழல்வலை சொன்ன அந்த வாய் மூடும் வழக்கம் இதில் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர் தங்கம் வாங்கினால் என் தங்கம் குறையாதே, பிறகு எதற்கு உரத்தை ஒளிக்க வேண்டும்?

முடிவில் 'கண்காட்சியின் சிறந்தது' என்று ஒன்றே ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். போட்டி வேண்டும் என்கிறவர்களுக்கு அந்த ஒன்று போதும்.

---

செம்மண் எழுதியது:

கவாத்து அவர்கள் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. செயற்குழுவில் இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்ளக்கூடிய வழி இதுதான் என்று தோன்றுகிறது.

ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கல். நாங்கள் அழைப்பது இரண்டு நடுவர்கள். 120 பதிவு வரும். மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் காரணம் எழுதச் சொன்னால் முடியுமா?

---

ஒட்டுக்கத்தி எழுதியது:

நடுவரே எழுதினால் முடியாது. ஆளுக்கு ஒருவரைக் கூட அனுப்புங்கள். நடுவர் வாயால் சொல்வார், கூடப் போகிறவர் அட்டையில் எழுதுவார். ஒரு வரி போதும், இரண்டு பாகமாக. முதலில் நன்றாக இருந்தது எது, அடுத்து திருத்த வேண்டியது எது.

நான் சொல்லி எழுதியவற்றில் நினைவுக்கு வருகிறவை: "நிறமும் வடிவமும் அருமை. ஐந்தில் ஒன்று மட்டும் பழுப்பு ஏறியது, அது இல்லாமல் வேறொன்று பறித்திருக்கலாம்." "செடி ஆரோக்கியம், இலை சுத்தம். ஒரு பக்கமே வெளிச்சம் பட்டிருக்கிறது, வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் வட்டம் திருப்பவும்." "திராட்சை மேல் இருக்கும் வெண்பூச்சு விரல்பட்டு அழிந்திருக்கிறது, குலையைக் காம்பில் மட்டும் பிடிக்கவும்."

இரண்டாவது அட்டையைப் பாருங்கள். அதை எழுதி வாங்கிய பெண் மறு வருடம் அதே செடியைக் கொண்டு வந்தார். நாலா பக்கமும் ஒரே மாதிரி நிறைந்திருந்தது. என்னிடம் வந்து ஒன்றும் பேசவில்லை. பழைய அட்டையைத் தொட்டிக்கு அடியில் செருகி வைத்திருந்தார்.

எழுதுகிறவர் புதியவராக இருந்தால் இன்னும் நல்லது. 60 தட்டுக்கு நடுவர் சொல்வதைக் கேட்டு எழுதினால் அது ஒரு வருடப் படிப்பு.

---

நிழல்வலை எழுதியது:

சரி, இப்படி நடத்துவதாக இருந்தால் என் எதிர்ப்பை விலக்கிக்கொள்கிறேன். எனக்கு ஆறாவது தக்காளியைப் பற்றி அன்றே ஒரு அட்டை கிடைத்திருந்தால் நான் அந்தச் சங்கத்தை விட்டுப் போயிருக்கமாட்டேன்.

இரண்டு சேர்க்கைகள். வாசலில் பதிவு மேசைக்குப் பக்கத்தில் ஒருவரை நிறுத்துங்கள். அவர் வேலை எண்ணிக்கையும் பிரிவும் சரிபார்ப்பது மட்டும். நடுவர் ஒதுக்குகிற தட்டுகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே திருத்தக்கூடியவை.

இன்னொன்று செடி விற்பனை. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். எங்கள் சங்க விற்பனையில் வாங்கிய ஒரு தொட்டியால் மூன்று வீட்டுப் பாத்திகளில் வேர்முடிச்சு நூற்புழு வந்தது. மேலே செடி தளதளவென்று இருக்கும், அடியில் வேரெல்லாம் மணி மணியாக முடிச்சு. மண்ணில் வந்துவிட்டால் வெளியேற்றுவது பெரும்பாடு. அதற்கப்புறம் ஒரு விதி வைத்தோம். விற்பனைக்கு வரும் தொட்டிகளில் சிலவற்றைக் கவிழ்த்து வேரைப் பார்ப்போம், தோட்டத்து மண்ணில் வளர்த்ததை வாங்கமாட்டோம், இலையடியில் மாவுப்பூச்சி இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். வாங்கிப் போகிறவர்களிடமும் சொல்கிறோம்: இரண்டு மூன்று வாரம் மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள். சிலருக்கு வருத்தம்தான். இருந்தாலும் உறுப்பினர் கொடுத்த செடி நோய் கொடுத்தது என்ற பேச்சு சங்கத்துக்கு வரவே கூடாது.

---

டேலியா பிரியை எழுதியது:

கடையில் வாங்கிய தொட்டியை நேராகக் கண்காட்சிக்குக் கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். தொட்டிச் செடி குறைந்தது மூன்று மாதமாவது போட்டியாளரிடம் இருந்திருக்க வேண்டும், வெட்டுப் பூ சொந்தத் தோட்டத்தில் வளர்ந்ததாக இருக்க வேண்டும் என்று விதிமுறைத் தாளில் எழுதிவிடுங்கள். யாரையும் சந்தேகப்பட்டுக் கேட்க வேண்டியதில்லை, எழுதியிருந்தாலே பாதிக்கு மேல் நின்றுவிடும்.

அப்புறம் என் டேலியாக்களின் சார்பில் ஒரு வேண்டுகோள். டேலியா மொட்டாக வெட்டினால் ஜாடியில் விரியாது, நன்றாக விரிந்த பிறகுதான் வெட்ட முடியும். வெட்டியது சில நாள்தான் தாங்கும். ஆகவே பூக்களை முதல் நாள் சாயங்காலமே வாங்கி வைக்காமல், கண்காட்சி அன்று விடிகாலை ஆறு மணிக்கு அரங்கைத் திறந்துவிடுங்கள். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கஷ்டம்தான். ஆனால் பார்வையாளர்கள் வரும்போது பூ பூவாக இருக்கும்.

குழந்தைகள் பிரிவில் பரிசு கொடுக்காதீர்கள், எல்லோருக்கும் ஒரு நாற்று கொடுங்கள். மறு வருடம் அதை வளர்த்துக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

---

செம்மண் எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நேற்றுக் கூட்டம் முடிந்தது.

போட்டி இருக்கிறது, ஆனால் தர முறையில். எல்லாப் பதிவுக்கும் குறிப்பு அட்டை. முதல் பரிசு வாங்காதவர்களுக்குத் தனிப் பிரிவு. வாசலில் சரிபார்க்க ஒருவர். அரங்கு ஆறு மணிக்குத் திறக்கும். விதை மேசைக்குச் சன்னல் ஓரம் ஒதுக்கியிருக்கிறோம். மூன்று மாத விதிக்கு மட்டும் கொஞ்சம் வாக்குவாதம் இருந்தது, கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள்.

கூட்டத்துக்கு முந்தைய வாரம் அந்தக் கத்தரிக்காய் அம்மா வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துப் போனேன். ஒட்டுக்கத்தி ஐயா சொன்னதைக் கேட்டேன்: "காயை எப்போது பறித்தீர்கள்?" மழை வந்துவிடுமோ என்று இரண்டு நாள் முன்னாலேயே பறித்து, துணியில் சுற்றி வைத்திருந்தாராம். தொப்பி சுருங்கியிருந்ததா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். உள்ளே போய், அன்று பேரன் எடுத்த படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தார். ஐந்து காயிலும் தொப்பியின் ஓரம் பழுப்பாகச் சுருண்டிருந்தது. "அட, இதுதானா!" என்று அவர் சொன்னபோது முகத்தில் அவ்வளவு வெளிச்சம். பின்பக்கம் அழைத்துப் போய் இந்த வருடச் செடிகளைக் காட்டினார். பதினாறு செடி. ஒரு காயைத் திருகாமல் காம்போடு கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தார்.

நடுவருடன் நடந்து அட்டை எழுத ஆள் வேண்டும் என்றேன். தன் கையெழுத்து நன்றாக இருக்காது என்று தயங்கினார், பிறகு வருகிறேன் என்றார்.

---

முதல் தொட்டி எழுதியது:

எங்கள் சங்கத்தில் நானும் அட்டை எழுத வருகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டேன்!

---

ஒட்டுக்கத்தி எழுதியது:

இரண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். பென்சிலால் எழுதுங்கள். மேசையெல்லாம் ஜாடித் தண்ணீர் சிந்திக் கிடக்கும், மை எழுத்து மதியத்துக்குள் கரைந்துவிடும். பென்சில் எழுத்து நனைந்தாலும் நிற்கும்.